மவுண்ட் பண்ணாத பிளாப்பியும் மேனேஜர் வாங்கின சோப்பும்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு பிளாப்பியைக் கொண்டு போய் திருநெல்வேலியில குடுத்துட்டு வரணும். அவ்வளவுதான்.

தபால்காரரு தினமும் பண்ற வேலை. அதுலயும் கோட்டை விட்டவ நான்.

எண்பதுகளோட கடைசி அது. சங்கரன்கோவில்ல ஒரு நூல் கம்பெனியில வேலை பாத்துட்டிருந்தேன். ஊர்ல ஓடுற விசைத்தறிகள்ல பாதிக்கு நாங்கதான் நூல் மூட்டை குடுப்போம். எந்தத் தறிக்கு எத்தனை மூட்டைன்னு மாசா மாசம் லிஸ்ட் போட்டு திருநெல்வேலி ஹெட் ஆபீசுக்கு அனுப்பணும். அதைப் பாத்துத்தான் அங்கன லாரியில லோடு ஏத்துவாங்க.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மெஷின் வந்துச்சு. ஒரு பெரிய பெட்டி, ரெண்டு பேரு உக்காந்து அடிக்க ரெண்டு டெர்மினல், ஒரு பிரிண்டர். அதுக்குன்னு தனி ரூம். ரூமுக்கு ஏசி!

மேனேஜர் சண்முகவேல் அண்ணாச்சி ரூம் வாசல்ல ‘செருப்பைக் கழட்டவும்’னு ஒரு போர்டு மாட்டினாரு. கொஞ்ச நாள்ல வாரவங்க செருப்பைக் கழட்டிட்டு, கன்னத்துலயும் போட்டுக்கிட்டு உள்ள வர ஆரம்பிச்சாங்க.

மெஷினைப் பாத்துக்கிறதுக்கு ரெண்டு பேரு. நானும், கடையநல்லூர்ல இருந்து பஸ்ல வந்து போற மும்தாஜும். ஆனா மெட்ராஸ் போய் ட்ரெயினிங் எடுத்தது நான் மட்டும்தான். எங்க ஊர் அம்மன் பேரு கோமதி, அதனால தெருவுக்கு நாலு கோமதி உண்டு. ட்ரெயினிங் போயிட்டு வந்தப்புறம் நான் ‘கம்ப்யூட்டர் கோமதி’ ஆயிட்டேன். அந்தப் பேரைக் கேட்டு எனக்கு ஏறின தலைக்கனத்தை அளக்க எந்த டிஸ்க்கும் பத்தாது.

அதுவரைக்கும் லிஸ்ட்டைப் பேப்பர்ல அடிச்சு அனுப்பிட்டிருந்தோம். அந்த மாசத்துல இருந்து பிளாப்பியில அனுப்பணும்னு ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. காலையில மேனேஜர் வந்து நின்னாரு.

“ஏம்மா கோமதி, தீபாவளி வருது. தறிக்காரங்க நூலு நூலுன்னு உசுரை வாங்குதாங்க. லிஸ்ட்டைப் பிளாப்பியில ஏத்தி நீயே கொண்டு போய் குடுத்துட்டு வந்துரு. சாயங்காலம் லோடு ஏத்துறதுக்குள்ள அவங்க கையில இருக்கணும். பிந்திச்சுன்னா லாரியை ராஜபாளையத்துக்குத் திருப்பிருவாங்க.”

“அண்ணாச்சி, இதெல்லாம் ஒரு வேலையா? ரெண்டு நிமிஷம்!”

இந்த வாயைத்தான் மொதல்ல கழட்டி வச்சிருக்கணும்.

யூனிக்ஸ்ல ஒரு பழக்கம் உண்டு. பிளாப்பியைச் சொருகிட்டா மட்டும் போதாது. ‘இந்தப் பிளாப்பியை இந்த டைரக்டரியில மாட்டு’ன்னு ஒரு கட்டளை குடுக்கணும். அதுதான் மவுண்ட். எங்க மெஷின்ல மாட்டுற இடத்துக்கு எம்என்டின்னு பேரு. மாட்டினப்புறம் எம்என்டிக்குள்ள எதைப் போட்டாலும் அது பிளாப்பிக்குள்ள போகும். மாட்டாம போட்டா? எம்என்டிங்கிறது சும்மா ஃபைல் போட்டு வைக்கிற ஒரு டைரக்டரி. போட்டது மெஷினுக்குள்ளயே கிடக்கும்.

மெட்ராஸ்ல தினமும் காலையில சார் வந்து மவுண்ட் பண்ணி வச்சிருவாரு. நாங்க பத்து மணிக்கு மேல போய் காப்பி மட்டும் பண்ணுவோம். மவுண்ட்னு ஒண்ணு இருக்குன்னு நோட்ஸ்ல எழுதியிருந்தேன். கையால பண்ணினதில்லை.

பிளாப்பியைச் சொருகினேன். லிஸ்ட்டை எம்என்டிக்கு அனுப்பினேன். அதுலயும் ஒரு புத்திசாலித்தனம் பாருங்க! காப்பி பண்ணினா ரெண்டு இடத்துல இடத்தை அடைக்கும். டிஸ்க்ல வேற இடம் கம்மி. அதனால காப்பி பண்ணாம, அப்படியே நகத்திட்டேன். ஒரே லிஸ்ட், ஒரே இடம். சிக்கனம்!

என்டரை அமுக்கின விரலை எடுக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. மெட்ராஸ்ல பிளாப்பி கர்ரு கர்ருன்னு நேரம் எடுக்கும். இங்க சத்தமே இல்லை.

“ஏட்டி, இவ்வளவு வேகமாவா?”ன்னு மும்தாஜ் கேட்டா.

“அவங்க மெஷின் பழசுட்டி. நம்மது புதுசுல்லா!”

பிளாப்பியை ஒரு காக்கி கவர்ல போட்டு, நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பஸ் ஏறினேன். அந்தக் காலத்துப் பிளாப்பி அப்பளம் மாதிரி இருக்கும். மடங்கக்கூடாது, வெயில் படக்கூடாது, விரல் படக்கூடாது. ஜன்னல் பக்கம் வெயில் அடிச்சதும் முந்தானையால மூடினேன். பக்கத்துல இருந்த அம்மா கவரையே பாத்துக்கிட்டு வந்தாங்க.

“என்ன தாயி அது, எக்ஸ்ரேயா?”

விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா திருநெல்வேலி வந்தாலும் முடியாது. “ஆமா”ன்னேன்.

“யாருக்கு?”

“கம்பெனியில குடுக்கணும்.”

“கம்பெனியில கேக்காங்களா? அடப் பாவமே!” கவரைத் தொட்டுக் கும்பிட்டாங்க. “பயப்படாத. நம்ம கோமதி அம்மா இருக்கா. உள்ள ஒண்ணும் இருக்காது பாரு.”

அந்தம்மா வாக்கு பலிச்சிருச்சு!

ஹெட் ஆபீஸ்ல மெஷினைப் பாத்துக்கிறவரு பேரு ஆல்பர்ட். டை கட்டியிருப்பாரு. திருநெல்வேலி வெயில்ல டை கட்டுறவரு எவ்வளவு படிச்சிருக்கணும்னு நினைச்சுக்கோங்க. பிளாப்பியை வாங்கிச் சொருகினாரு. கர்ரு கர்ருன்னுச்சு. பாத்தாரு. திரும்பவும் பாத்தாரு.

“உள்ள ஒண்ணும் இல்லையேம்மா.”

“நல்லா பாருங்க சார்.”

“நல்லாத்தான் பாக்கேன். துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. மவுண்ட் பண்ணினியா?”

ஒரு நிமிஷம் எனக்கு மவுண்ட் ரோடுதான் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் நோட்ஸ் ஞாபகம் வந்துச்சு.

“பண்ணலைபோல இருக்கு சார்.”

“சரி, ஊருக்குப் போ. மொதல்ல மவுண்ட் பண்ணு. பெறவு காப்பி பண்ணு. அடுத்த பஸ்ஸுக்குக் கொண்டா. நாலு மணிக்கு லோடு ஆரம்பிச்சிருவாங்க.”

அங்கன இருந்தே போன் போட்டு மும்தாஜை விட்டுப் பாக்கச் சொல்லியிருக்கலாம். ஆனா எங்க ஆபீஸ்ல போனை எடுக்கிறது மேனேஜர். அவருகிட்ட ‘ரெண்டு நிமிஷம்’னு சொல்லிட்டு வந்த வாய் இது. கமுக்கமா போய், கமுக்கமா முடிச்சிரலாம்னு திரும்பவும் பஸ் ஏறிட்டேன். சாப்பிடக்கூட இல்லை.

ஊருக்கு வந்து இறங்கினா, ஆபீஸ் வாசல்ல தறிக்காரர் மாரியப்பன் அண்ணாச்சி உக்காந்திருக்காரு. நாலு தறி வச்சிருக்கிறவரு. அதுல ரெண்டு தறி நூல் இல்லாம நின்னு போச்சு.

“என்ன தாயி, லிஸ்ட் போயிருச்சா? லோடு நாளைக்கு வந்துருமா?”

“போயிருச்சு அண்ணாச்சி. திரும்பி வந்திருக்கு. இப்ப மறுபடியும் போகும்.”

அவருக்கு ஒண்ணும் புரியலை. நல்லதாப் போச்சு.

உள்ள போய் பிளாப்பியைச் சொருகி, நோட்ஸைப் பாத்து, ஒவ்வொரு எழுத்தா அடிச்சு மவுண்ட் பண்ணினேன். கர்ருன்னுச்சு. ஆஹா, இதுல்லா சத்தம்! இனி லிஸ்ட்டைக் காப்பி பண்ண வேண்டியதுதான்.

பழைய இடத்துல பாத்தேன். லிஸ்ட் இல்லை. சரிதான், நாமதான் நகத்திட்டோம்ல. எம்என்டியில பாத்தேன்.

அங்கயும் இல்லை!

மும்தாஜ் பக்கம் திரும்பினேன்.

“மும்தாஜ்! எம்என்டியில இருந்த லிஸ்ட்டை நீ எடுத்தியா?”

“நான் எதுக்குட்டி எடுக்கேன்? எனக்கென்ன தறியா ஓடுது?”

அவளும் அவ டெர்மினல்ல எம்என்டிக்குள்ள போய் பாத்தா. காலி. ஒரு மாசம் ரெண்டு பேரும் அடிச்ச லிஸ்ட்! மாரியப்பன் அண்ணாச்சி தறி, கரிவலம் முத்தையா தறி, ஊர்ல ஒவ்வொருத்தர் பேரும் அதுல இருக்கு. நான் செஞ்ச சிக்கனத்துல வேற காப்பியும் இல்லை.

ஃபைல் எங்க இருந்தாலும் தேடிக் குடுக்க ஒரு கட்டளை உண்டு. அதைப் பின்னணியில ஓட விட்டேன். மெஷின் ஒரு நம்பரைக் குடுத்துட்டு சும்மா இருந்துச்சு. ஏதோ டோக்கன் நம்பர் குடுக்கு, நம்ம முறை வரும்னு நினைச்சேன். வரலை. திரும்பவும் குடுத்தேன். இன்னொரு டோக்கன். திரும்பவும். மும்தாஜும் அவ பங்குக்கு அவ டெர்மினல்ல இருந்து குடுத்தா.

ஒவ்வொரு டோக்கனும் ஒவ்வொரு ஆள்னு எங்களுக்கு யாரு சொன்னா? டிஸ்க் முழுக்க எங்க ஆளுங்க பதினஞ்சு பேரு ஒருத்தரை ஒருத்தர் முட்டிக்கிட்டுத் தேடிட்டிருக்காங்க.

பெட்டிக்குள்ள இருந்து கடகடன்னு தறி ஓடுற சத்தம். ஸ்கிரீன்ல எழுத்து நின்னு நின்னு வந்துச்சு. அப்புறம் ஒரு வரி வந்துச்சு. ‘நோ ஸ்வாப் ஸ்பேஸ்.’

அதே நேரத்துல மேனேஜர் ரூம்ல போன் அடிச்சுச்சு. ஆல்பர்ட்!

என் கமுக்கம் அதோட முடிஞ்சுது.

போன் மேனேஜர் மேசையில. மெஷின் இந்தப் பக்கம், நடுவுல நூல் மூட்டை அடுக்கி வச்ச நடை. அந்தப் பக்கம் இருந்து மேனேஜர் கத்துனாரு. “ஏட்டி கோமதி!” ஏம்மா போயிருச்சு, ஏட்டி வந்திருச்சு. “பிளாப்பி காலின்னு சொல்லுதாரு! என்னட்டி பண்ணி வச்சிருக்க? ஸ்கிரீன்ல என்ன வந்திருக்குன்னு கேக்காரு!”

“நோ ஸ்வாப் ஸ்பேஸ், அண்ணாச்சி!”

“என்னது?”

“ஸ்வாப்... ஸ்பேஸ்... இல்லையாம்!”

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம். அப்புறம் வாசல் கதவுச் சத்தம்.

ஸ்பேஸ் இல்லைன்னா நாமதான் உண்டாக்கணும், இல்லையா? வேண்டாத ஃபைலை எல்லாம் அழிக்க ஆரம்பிச்சேன். பழைய கடுதாசி, சோதனைக்கு அடிச்ச கவிதை, ‘பேச்சு’ன்னு ஒண்ணு. அழிச்சதுக்கப்புறம்தான் அது மேனேஜர் நெசவாளர் சங்க ஆண்டு விழாவுல பேச எழுதி வச்சதுன்னு மும்தாஜ் சொன்னா.

“அதை ஏன்ட்டி முன்னாலயே சொல்லலை?”

“நீ கேக்கலையே!”

அத்தனை அழிச்சும் ஸ்கிரீன்ல அதே வரி. நோ ஸ்வாப் ஸ்பேஸ்.

மேனேஜர் மூச்சு வாங்க ரூமுக்குள்ள வந்தாரு. செருப்பைக் கழட்டலை! நேரா வந்து கீபோர்டு பக்கத்துல ரெண்டு சாமானை வச்சாரு.

ஒரு சோப்பு. ஒரு பல்லு தேய்க்கிற பேஸ்ட்டு.

“எதுத்த கடையில இந்த சோப்புதான் இருக்கு. இதை வச்சு முடிக்க முடியுமான்னு பாரு.”

எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. மும்தாஜ் மெதுவா சோப்பை எடுத்து மோந்து பாத்தா. “நல்ல சோப்புதான் அண்ணாச்சி”ன்னா. சண்டாளி!

நடையில ஓடினேன். போன் மேசை மேல மல்லாந்து கிடக்கு. உள்ள இருந்து ஆல்பர்ட் “ஹலோ, ஹலோ”ன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்காரு.

“சார், கோமதி பேசுதேன். ஸ்வாப் இல்லைங்குது. எவ்வளவோ ஃபைலை அழிச்சும் பாத்தாச்சு.”

“அழிச்சியா! ஃபைலை அழிச்சா ஸ்வாப் எப்படி வரும்? இங்க கேளு. டாக்டர் ரூம் இருக்குல்லா? உள்ள ஒரு நேரத்துல கொஞ்சம் பேருதான் இருக்க முடியும். மிச்சப் பேரை வாசல் பெஞ்சுல உக்கார வச்சு மாத்தி மாத்திக் கூப்பிடுவாங்க. டாக்டர் ரூம்தான் மெமரி. வாசல் பெஞ்சுதான் ஸ்வாப். டிஸ்க்லயே அதுக்குன்னு தனியா ஒதுக்கின இடம். நீ ஆஸ்பத்திரி பீரோவுல இருக்கிற மருந்தை எல்லாம் தூக்கி எறிஞ்சா வாசல் பெஞ்சு நீளுமா?”

“நீளாது சார்.”

“எத்தனை பேரைப் பெஞ்சுல உக்கார வச்சிருக்க?”

அப்பத்தான் டோக்கனோட அர்த்தம் புரிஞ்சுது.

“கொஞ்சம் கூடத்தான் சார் உக்காந்திருக்காங்க.”

“ஒண்ணு பண்ணு. ரெண்டு டெர்மினல்லயும் லாக்அவுட் பண்ணு, எல்லாம் போயிரும். திரும்ப உள்ள போய் பிளாப்பியைக் கழட்டு. மெஷினை நிறுத்திட்டு மறுபடியும் போட்டுப் பாப்போம்.”

பின்னாலயே வந்த மேனேஜர் கையில போனைக் குடுத்துட்டுத் திரும்ப ஓடினேன். ரெண்டு பேரும் வெளிய வந்தோம். தறிச் சத்தம் நின்னுச்சு. திரும்ப உள்ள போனோம். பிளாப்பியை மாட்டினதைக் கழட்டணும்லா? கழட்டச் சொல்லிக் கட்டளை குடுத்தேன்.

‘டிவைஸ் பிஸி.’

பிஸியாம்! ஊரே நூலுக்குக் காத்துக்கிட்டு இருக்கு, இதுக்கு அங்கன என்ன வேலை? நடையில நின்னு கத்தினேன். “அண்ணாச்சி, பிஸின்னு வருதுன்னு சொல்லுங்க!”

கொஞ்ச நேரத்துல மேனேஜர் குரல் வந்துச்சு. “யாரோ அதுக்குள்ள உக்காந்திருக்காங்களாம்! எந்திரிக்கச் சொல்லணுமாம்!”

மும்தாஜைப் பாத்தேன். “ஏட்டி, எம்என்டிக்குள்ள நீ உக்காந்திருக்கியா?”

“நான் நாற்காலியிலல்லா உக்காந்திருக்கேன்!”ன்னு சொல்லிட்டு, பயந்து போய் எந்திரிச்சு நின்னுட்டா.

நின்னும் பிஸிதான். அவ ஸ்கிரீனைப் பாத்தேன். லிஸ்ட்டைத் தேடுதேன்னு மறுபடியும் எம்என்டிக்குள்ள போனவ அங்கயே இருக்கா. அவளை அந்த டைரக்டரியை விட்டு வெளிய கொண்டு வந்து, கழட்டுன்னேன். கழண்டுச்சு.

மெஷினை நிறுத்தப் போனேன். என்னமோ தோணுச்சு. போறதுக்கு முன்னால ஒரு தடவை எம்என்டியைப் பாத்துருவோம்னு பாத்தேன்.

லிஸ்ட்!

அப்படியே இருக்கு. காலையில நான் வச்ச இடத்துலயே, ஒரு எழுத்து குறையாம!

நான் போட்ட கூச்சல்ல மேனேஜர் ஓடி வந்தாரு. பின்னாலயே மாரியப்பன் அண்ணாச்சியும் வந்தாரு.

“எங்கட்டி இருந்துச்சு?”

“இங்கனதான் அண்ணாச்சி இருந்துச்சு. சுவத்துல ஒரு மாடக்குழி. அதுல சாவியை வச்சேன். பெறவு அது மேலயே காலண்டரை மாட்டிட்டேன். மாடக்குழி தெரியலை, சாவியும் தெரியலை. இப்ப காலண்டரைக் கழட்டினேன், சாவி இருக்கு. மவுண்ட் பண்ணினா அடியில இருக்கிறது மறைஞ்சிரும். அழிஞ்சு போகாது.”

மேனேஜர் யோசிச்சாரு. “காலண்டரை அங்கன எவ மாட்டச் சொன்னா?”

நான் போனைப் பாத்து ஓடிட்டேன்.

போன்ல ஆல்பர்ட்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். “நான் அப்பவே நினைச்சேன்”னாரு. எப்பன்னு நான் கேக்கலை.

இப்ப லிஸ்ட் இருக்கு. ஆனா நேரம் இல்லை. பஸ் பிடிச்சுப் போனா லாரி ராஜபாளையம் போய் டீ குடிச்சிட்டிருக்கும். ஆல்பர்ட்தான் சொன்னாரு. “வாசி. எழுதிக்கிடுதேன்.”

இவ்வளவு பெரிய மெஷின், ஏசி ரூம், மெட்ராஸ் ட்ரெயினிங். கடைசியில பிரிண்ட் எடுத்து, மேனேஜர் போனைப் பிடிச்சுக்கிட்டு, தெருவே கேக்குற மாதிரி வாசிக்க ஆரம்பிச்சாரு. லைன் அப்படி. கத்தலைன்னா கேக்காது.

“கரிவலம் முத்தையா! பன்னெண்டு மூட்டை! ஆமா, பன்னெண்டு!”

“யாருக்கு, முத்தையாவுக்கா?” மாரியப்பன் அண்ணாச்சி எந்திரிச்சுட்டாரு. “அவன் தறி பாதி துருப்பிடிச்சுக் கெடக்கு வே! எனக்கு எத்தனை?”

“மாரியப்பன்! எட்டு!”

“எட்டா!”

வாசல்ல நின்ன இன்னும் ரெண்டு தறிக்காரங்க உள்ள வந்தாங்க. அவங்க குரல் கேட்டு டீக்கடையில இருந்து நாலு பேரு வந்தாங்க. அதுவரைக்கும் யாருக்கு எவ்வளவுன்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. மேனேஜர் ஒவ்வொரு பேரா கத்தக் கத்த, ஆபீசுக்குள்ள ஒவ்வொரு சண்டையா பிறந்துச்சு.

“ஏம்வே, அவன் உம்ம மச்சானா?”

“அண்ணாச்சி, கொஞ்சம் சும்மா இரும்! இல்ல சார், உங்களைச் சொல்லலை. செல்லையா, உமக்குப் பதினாறு வே. சார், உங்களுக்கு இல்லை, செல்லையாவுக்குப் பதினாறு!”

கடைசியில மாரியப்பன் அண்ணாச்சிக்கு ரெண்டு மூட்டை கூட்டிப் போட்டப்புறம்தான் போனை வைக்க விட்டாங்க. மறுநாள் லாரி வந்துச்சு. நின்ன தறி ஓடுச்சு. தீபாவளிக்குத் துணி வெளிய போச்சு. அழிஞ்ச பேச்சு அழிஞ்சதுதான். அந்த வருஷம் மேனேஜர் வணக்கம், நன்றின்னு ரெண்டு வார்த்தையில முடிச்சாரு. சங்கத்துக்காரங்க எழுந்து நின்னு கை தட்டினாங்கன்னு கேள்வி.

எனக்கு வேலை போகலை. மேனேஜர் திட்டவும் இல்லை. “இனிமே யாரையும் நம்பிப் பிரயோஜனம் இல்லை”ன்னு மட்டும் சொல்லிட்டு, அடுத்த மாசம் அவரே யூனிக்ஸ் ட்ரெயினிங்குக்கு மெட்ராஸ் கிளம்பிட்டாரு. திரும்பி வந்த அன்னைக்கே, வேற யாரும் கை வைக்கக்கூடாதுன்னு மெஷினோட மெயின் பாஸ்வேர்டை மாத்தினாரு.

மாத்தினது அவருக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு, பாஸ்வேர்டுதான் ஞாபகம் இல்லை.